நிறையும் விலையும்: வேகக் காரின் பிறேக்கைத் திருத்துதல் பற்றிய ஓர் ஆய்வு

ஓடும் வண்டியின் சிறப்பை அதன் ஓட்டத்தைக் கொண்டே பலரும் அளவிடுவர். எத்துணைக் குதிரைவலு, எத்தனை செக்கனில் நூறு கிலோமீற்றர் வேகம் என்பனவே பேச்சாக இருக்கும். அவ்வேகத்தை வேண்டிய இடத்தில் அடக்குவது எது என்று கேட்போர் சிலரே. அக்கேள்வியை எம்மிடம் எழுப்பியவர் நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர். விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, அவருக்கு யாம் எழுதிய விடையையே சற்று விரித்துத் தரலாமெனத் துணிந்தோம். பௌதிகவியல் வகுப்பிலே தனித்தனிப் பாடங்களாகக் கற்ற சத்தி, உராய்வு, வெப்பம் என்னும் மூன்றும் ஒரு காரின் சில்லுக்குள்ளே ஒன்றுகூடி நிற்பதை மாணவர் இதிற் காணலாம்.

அவர் இங்கிலாந்தில் வாழ்பவர். மஸ்டா எம்.எக்ஸ். 5 என்னும் இருவர் அமரும் சிறு கார் ஒன்று வைத்திருக்கிறார். 1989ஆம் ஆண்டில் அறிமுகமான அவ்வகையின் முதற் பிறப்பு, 1.6 லீற்றர் எஞ்சின். ஏறத்தாழ 115 குதிரைவலு. பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் நாட்களிற் பந்தயத் தடத்துக்குச் சென்று ஓட்டுவது அவரது பொழுதுபோக்கு. ஒருநாள் ஆறாவது சுற்றில், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மிதியை அழுத்தியபோது அது தளர்ந்து அடிவரை தாழ்ந்துவிட்டது. இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்த பின்னரே பிடித்தது. அதற்குள் கார் வளைவைக் கடந்து பருக்கைக் கற்களுள் இறங்கி நின்றது. எவருக்கும் காயமில்லை. அரைமணி நேரத்தின் பின் மிதி பழையபடி இறுகியிருந்தது.

அவர் எழுதிய கடிதத்தின் முடிவு இது: “ஐயா, நான்கு பிஸ்டன் உள்ள அலுமினியக் கலிப்பரும் பெரிய தட்டும் சேர்ந்த தொகுதி ஒன்று 1,200 பவுணுக்கு விற்கிறார்கள். பழையதிலும் நிறை குறைவு என்கிறார்கள். அப்பணத்தைச் சேர்க்க எனக்குப் பல மாதம் செல்லும். அதைப் பூட்டினால் இனி இப்படி நேராதுதானே?”

ஓர் உயிரைப் பற்றிய கேள்வி இது. ஓர் இளைஞரின் பல மாதச் சேமிப்பைப் பற்றிய கேள்வியுமாகும். ஆதலின், ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் விடையிறுக்க மனம் ஒப்பவில்லை. கணக்கிட்டுப் பார்ப்பதே முறையெனக் கொண்டோம்.

1. பிறேக்குச் செய்யும் தொழில்

பிறேக்கு என்பது இயக்கசத்தியை வெப்பமாக மாற்றும் பொறி. வேறு தொழில் அதற்கு இல்லை. ஓட்டுநரும் எரிபொருளும் உட்பட அக்காரின் திணிவு 1,100 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 60 கிலோமீற்றர் வேகத்துக்கு அது குறைக்கப்படுகிறது. செக்கனுக்கு மீற்றரில் இவ்வேகங்கள் முறையே 44.4, 16.7 ஆகும். திணிவின் பாதியை வேகவர்க்கங்களின் வித்தியாசத்தாற் பெருக்க, ஏறத்தாழ 930,000 யூல் வருகின்றது. காற்றின் தடையை இங்கே கணக்கில் எடுத்திலோம்.

இத்தொகை எவ்வளவு பெரிது? மூன்று லீற்றர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ இவ்வளவு வெப்பம் வேண்டும். அடுப்பிலே பல நிமிடம் எடுக்கும் இவ்வேலையைப் பிறேக்கு மூன்று செக்கனிற் செய்து முடிக்கின்றது. வலுவாக மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 400 குதிரைவலு ஆகும். எஞ்சினின் வலுவோ 115. ஆகவே, ஓட்டும் பொறியிலும் நிறுத்தும் பொறி மூன்று மடங்குக்கு மேல் வல்லதாயிருக்கின்றது. அதன் இடர் வலுக் குறைவினால் வருவதன்று. பிறந்த வெப்பத்தை எங்கே வைப்பது என்பதனால் வருவது. இதனை வாசகர் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

2. காரை நிறுத்துவது எது?

பெரிய பிறேக்குப் பூட்டினாற் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கை பெரும்பாலும் தவறானது. பிறேக்குச் சில்லை நிறுத்துகின்றது. காரை நிறுத்துவது ரயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வே. நல்ல நிலையிலுள்ள எந்தப் பிறேக்கும் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் சில்லைப் பூட்டிவிட வல்லது. சில்லுப் பூட்டப்படும் எல்லையை அடைந்தபின், அதற்கு மேலான பிறேக்கு வலு ஒரு பயனும் தராது.

உராய்வுக் குணகம் 0.9 எனின், அவ்வேகத்திலிருந்து கார் நிற்க ஏறத்தாழ 44 மீற்றர் வேண்டும். குணகம் 1.2 ஆகவுள்ள பந்தய ரயரைப் பூட்டினால் 33 மீற்றர் போதும். பதினொரு மீற்றரை மீதப்படுத்தியது ரயர். இச்சமன்பாட்டிலே தட்டின் விட்டமும் இல்லை, பிஸ்டனின் எண்ணிக்கையும் இல்லை. ஒரே ஒருமுறை நிறுத்துவதற்கெனில், பழைய பிறேக்கும் புதிய பிறேக்கும் ஒன்றே.

அங்ஙனமாயின் பெரிய பிறேக்கு எதற்கு? மறுமுறையும், அதற்கு மறுமுறையும், இருபதாம் முறையும் அவ்வண்ணமே நிறுத்துவதற்கு. வரலாறும் இதற்குச் சான்று. இங்கிலாந்துப் பொறியியலார் லான்செஸ்ரர் 1902இலேயே தட்டுப் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும், 1953இல் லே மான்ஸ் நகரின் 24 மணிநேரப் பந்தயத்தில் ஜகுவார் சி-ரைப் கார் டன்லொப் தட்டுப் பிறேக்குடன் வென்றபோதே உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது. அப்பந்தயத்திற் சராசரி வேகம் முதன்முறையாக மணிக்கு 100 மைலைத் தாண்டியது. உருளைப் பிறேக்கில் வெப்பம் உள்ளே அடைபட்டுக் கிடக்கும். தட்டோ காற்றிலே திறந்து கிடப்பது. இரவும் பகலும் திரும்பத் திரும்ப அழுத்தியும் தளராமையே அக்காரின் வெற்றிக்குத் துணைநின்றது.

3. மிதி தாழ்ந்த காரணம்

வெப்பம் மிகுந்து பிறேக்குச் சோர்வது இருவகைப்படும். இரண்டையும் ஓட்டுநரின் காலே பிரித்தறியும்.

முதல்வகை, உராய்வுக் கட்டையின் சோர்வு. கராஜில் ‘பாட்’ என்று வழங்குவது இதுவே. சாதாரண வீதிக்கென அமைந்த கட்டைகள் ஏறத்தாழ 400 பாகை செல்சியசுக்கு அப்பால் தம் பிடிப்பை இழக்கத் தொடங்கும். அப்போது மிதி கல்லைப்போல் இறுகியிருக்கும். எவ்வளவு அழுத்தினும் கார் நில்லாது.

இரண்டாம்வகை, பிறேக்கு ஒயில் கொதித்தல். ஒயில் என்று வழங்கினும் அது எண்ணெய் அன்று. கிளைக்கோல் வகையைச் சேர்ந்த திரவம். காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 எனக் குறிக்கப்பட்ட திரவம் புதிதாயிருக்கும்போது 230 பாகைக்குக் குறையாத கொதிநிலை உடையதாயிருத்தல் வேண்டும் என்பது நியமம். 3.7 சதவீத நீரை ஏற்றபின் அதற்கு வேண்டப்படுவது 155 பாகை மட்டுமே. டொட் 3 எனின் முறையே 205, 140. திரவத்தை அமுக்க இயலாது, ஆவியை அமுக்கலாம். கலிப்பரினுள்ளே சிறிது ஆவி தோன்றினும் மிதியின் அசைவு முழுவதும் அவ்வாவியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். மிதி அடிவரை தாழும். விரைந்து பலமுறை மிதித்தால் ஓரளவு மீளும். ஆறியபின், ஒன்றும் நடவாததுபோல் இறுகி நிற்கும்.

நம் மாணவரின் கடிதத்தை இப்போது மீண்டும் பார்க்குக. அவர் குறித்த அடையாளங்கள் யாவும் இரண்டாம்வகைக்கு உரியன. ‘ஒயில் எப்போது மாற்றினீர்?’ என்று வினவி எழுதினோம். கார் வாங்கி நாலாண்டு ஆயிற்று, ஒருமுறையும் மாற்றவில்லை, இப்போது பார்த்தாற் பழைய தேநீர் நிறமாயிருக்கின்றது என்பது விடை. 1,200 பவுண் தொகுதியைப் பூட்டி, அதனுள்ளும் அவ்வொயிலையே விட்டிருந்தால், அவர் மீண்டும் அக்கற்களுள்ளேயே இறங்கியிருத்தல் கூடும்.

4. தட்டின் நிறையும் அதன் வெப்பமும்

இனி நிறையை ஆராய்வோம். முன்னர்க் கண்ட 930,000 யூலில் ஏறத்தாழ எழுபது சதவீதம் முன்சில்லுகளின் பங்கு எனக் கொள்ளலாம். நிறுத்தும்போது காரின் பாரம் முன்னே சாய்வதே அதற்குக் காரணம். ஆகவே, ஒரு முன்தட்டு ஏற்பது ஏறத்தாழ 327,000 யூல். வார்ப்பிரும்பு ஒரு கிலோகிராமை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 460 யூல் வேண்டும். உராயும் வளையத்தின் நிறை 4 கிலோகிராம் எனின், ஒருமுறை நிறுத்துகையில் அதன் வெப்பநிலை 178 பாகை உயரும். 5 கிலோகிராம் எனின் 142 பாகையே உயரும். ஒரு சுற்றில் இவ்வாறு பலமுறை நிறுத்த, அடுத்த வளைவுக்கு முன் ஆறுவதற்குப் போதிய பொழுது இல்லையாயின், வெப்பம் படிப்படியாக ஏறும்.

இங்கேதான் விற்பனை விளம்பரங்கள் மறைக்கும் உண்மை வெளிப்படுகின்றது. தட்டின் நிறை என்பது பயனற்ற பாரம் அன்று; அது வெப்பத்தைத் தாங்கும் பாத்திரம். துளையிட்டும் மெல்லியதாக்கியும் உராயும் வளையத்திலிருந்து நிறையைக் களைவது, சிறிய பானையிற் பெரிய உலை வைப்பது போலாகும். கலிப்பரும், தட்டை அச்சோடு பிணைக்கும் நடுக்கிண்ணமும் வேறு. அவற்றின் நிறை வெப்பத்தைத் தாங்குவதற்கு அதிகம் உதவுவதில்லை. ஆகவே, பிறேக்கில் நிறையைக் குறைப்பதாயின் வளையத்திற் குறைக்கலாகாது; கலிப்பரிலும் கிண்ணத்திலும் குறைத்தல் வேண்டும். ‘எத்தனை கிலோ குறைந்தது?’ என்று கேட்பதற்கு முன், ‘எங்கே குறைந்தது?’ என்று கேட்பதே அறிவுடைமை.

5. திருத்தங்கள் ஐந்தும் அவற்றின் விலையும்

விலைகள் நாட்டுக்கு நாடு, கடைக்குக் கடை வேறுபடும். கீழே தருவன அவ்வகைக் காருக்கு இங்கிலாந்திலே இக்காலத்திற் கேட்கப்படும் அண்ணளவான தொகைகள்.

முதலாவது, புதிய ஒயில். ஒரு லீற்றர் 15 பவுண் தொடக்கம், பந்தயத்துக்குரிய உயர்ந்த வகையாயின் 60 பவுண் வரை. கூடும் நிறை இல்லை. தாமே காற்றுநீக்கி மாற்றுவோர்க்குக் கூலியும் இல்லை.

இரண்டாவது, உயர்ந்த வெப்பம் தாங்கும் உராய்வுக் கட்டை. முன்சில்லுகளுக்கு ஏறத்தாழ 80 முதல் 150 பவுண். நிறை வேறுபாடு இல்லையெனலாம். ஆயினும், அதற்குரிய குறைகளும் உள. குளிர்ந்திருக்கும்போது அதன் பிடிப்புக் குறைவு, கீச்சொலி உண்டு, தூள் மிகும், தட்டும் விரைவிலே தேயும். நாள்தோறும் வேலைக்குச் செல்லும் காரில் முழுப்பந்தயக் கட்டையைப் பூட்டுதல் ஆபத்தேயாம். காலையில் முதற் சந்தியிலே அது பிடியாது போகலாம்.

மூன்றாவது, காற்றுக் குழாய். காரின் முன்முகத்திலிருந்து தட்டின் நடுவுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் நெளிகுழாய் இரண்டு. சில பத்துப் பவுண். ஒரு கிலோகிராம் அளவு நிறை. காற்று தட்டின் வெளிமுகத்திற் படுவதால் அதிக பயனில்லை. நடுவிலே புகுந்து, தட்டின் இரு முகங்களுக்கு இடையேயுள்ள வழிகளினூடே வெளியேறுதல் வேண்டும்.

நான்காவது, அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய தட்டு. 1.6 லீற்றர் எம்.எக்ஸ். 5 காரின் முன்தட்டு விட்டம் 235 மில்லிமீற்றர். பின்னர் வந்த 1.8 லீற்றர் காருக்கு அது 255 மில்லிமீற்றராக்கப்பட்டது. முன்கலிப்பர் மாறவில்லை, அதனைப் பிடிக்கும் தாங்கியே மாறிற்று. ஆதலின், தாங்கியும் தட்டும் மட்டும் வாங்கிப் பூட்டினாற் போதும். ஏறத்தாழ 100 முதல் 200 பவுணில் முடியும். சில்லொன்றுக்கு ஒரு கிலோகிராம் அளவிலே நிறை கூடும் எனக் கொள்க. அந்நிறை வளையத்திலே கூடுகிறது. எனவே வெப்பக் கணக்கில் அது நமக்கு வரவு. கட்டை அழுத்தும் இடத்தின் ஆரையும் 10 மில்லிமீற்றர் கூடுவதால், அதே மிதி அழுத்தத்துக்குத் திருப்புதிறன் ஏறத்தாழப் பத்துச் சதவீதம் மிகும்.

ஆயின் ஓர் எச்சரிக்கை. முன்பிறேக்கை மட்டும் வலுவாக்கினால் முன்சில்லு முந்திப் பூட்டப்படும். பின்சில்லின் பிடிப்பு வீணாகும். நிறுத்தும் தூரம் குறைவதற்குப் பதிலாகக் கூடுதலும் உண்டு. இதனை உணர்ந்தே காரைச் செய்தோரும் முன்தட்டைப் பெருப்பித்தபோது பின்தட்டையும் 231இலிருந்து 251 மில்லிமீற்றராக்கினர்.

ஐந்தாவது, நம் மாணவர் விரும்பிய அலுமினியக் கலிப்பர்த் தொகுதி. இதன் நற்குணங்களை மறைத்தல் நீதியன்று. உறுதி மிகுந்தது, கட்டை சரிந்து தேயாமல் ஒரே சீராகத் தேயும், பெரிய கட்டையும் கொள்ளும். வார்ப்பிரும்பு ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7.2 கிராம், அலுமினியம் 2.7 கிராம். ஆகையாற் கலிப்பரில் நிறை குறைவதும் உண்மை. இரண்டு முன்சில்லுகளிலும் சேர்த்து 4 கிலோகிராம் குறைந்ததெனக் கொண்டால், 1,200 பவுணுக்கு அது கிலோகிராம் ஒன்றுக்கு 300 பவுண் ஆகின்றது. அதே காரின் பின்புறப் பெட்டியிலுள்ள மேலதிகச் சில்லையும் ஜாக்கையும் தடத்துக்குச் செல்லும்போது இறக்கி வைத்தாற் பத்துக் கிலோகிராமுக்குக் குறையாமற் குறையும். அதற்கு விலை ஏதுமில்லை. வீடு திரும்பும்போது மறவாது ஏற்றிக்கொண்டாற் சரி.

பிஸ்டனின் எண்ணிக்கை பற்றியும் ஒரு சொல். நான்கு பிஸ்டன் எனின் நான்கு மடங்கு வலு என மயங்குவோர் பலர். திரவ அழுத்தத்தாற் பிறக்கும் விசை பரப்பைப் பொறுத்தது என்பது பஸ்காலின் விதி. ஒற்றைப் பிஸ்டன் கலிப்பரில் 51 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டன் ஒன்று. நான்கு பிஸ்டன் கலிப்பரில் ஒரு பக்கத்துக்கு 36 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டன் இரண்டு எனக் கொள்வோம். 51இன் வர்க்கம் 2,601. 36இன் வர்க்கத்தின் இருமடங்கு 2,592. பரப்பு ஏறத்தாழ ஒன்றே, விசையும் ஒன்றே. ஒற்றைப் பிஸ்டன் கலிப்பர் வழுக்கி நகர்ந்து எதிர்ப்பக்கத்தையும் அதே விசையுடன் இழுக்கின்றது என்பதை மறத்தலாகாது.

6. சுழலும் நிறை பற்றிய மயக்கம்

‘சுழலும் நிறை ஒரு கிலோ குறைந்தால், நில்லாத நிறை நாலு கிலோ குறைந்ததற்குச் சமம்’ என்ற வாய்ப்பாடு வேகக்கார் அன்பர் நடுவே வழங்குகின்றது. நம் மாணவரும் அதனை எடுத்துக்காட்டியிருந்தார். சடத்துவத் திருப்புதிறன் கற்ற மாணவர் இதனைத் தாமே சோதிக்கலாம்.

உராயும் வளையத்தின் வெளியாரை 0.14 மீற்றர், உள்ளாரை 0.085 மீற்றர், ரயரின் ஆரை 0.29 மீற்றர் எனக் கொள்வோம். வளையத்தின் சடத்துவத் திருப்புதிறன், திணிவின் பாதியை ஆரைவர்க்கங்களின் கூட்டுத்தொகையாற் பெருக்க வருவது. அதனை ரயர் ஆரையின் வர்க்கத்தால் வகுத்தால், காரை முடுக்கும்போது அவ்வளையம் எவ்வளவு மேலதிகத் திணிவுபோல் நடக்கும் என்பது பெறப்படும். விடை 0.16. அதாவது, தட்டில் ஒரு கிலோகிராம், காரின் இருக்கையில் 1.16 கிலோகிராமுக்குச் சமம். நான்கு அன்று, இரண்டும் அன்று. ரயரின் வெளிவிளிம்பிலுள்ள நிறையே இருமடங்கை நெருங்கும். எனவே, சுழலும் நிறையைக் குறைக்க விரும்புவோர் பணத்தை ரயரிலும் சில்லின் விளிம்பிலும் இடுவரேல் அதிக பயன் பெறுவர்.

வில்லுக்குக் கீழேயுள்ள நிறை என்னும் வகையிற் கலிப்பரும் தட்டும் இலேசாயிருப்பது நன்மையே. மேடுபள்ளமான பாதையிற் சில்லு தரையை விட்டகலாது தொடர அது உதவும். இந்நன்மை உண்மையானது, ஆயினும், அதற்காகக் கிலோவுக்கு 300 பவுண் கொடுத்தல் வேண்டுமா என்பதே வினா.

7. காபன் பீங்கான் தட்டுகள்

நிறைக்கும் விலைக்கும் உள்ள உறவின் மறு எல்லையைக் காண விரும்புவோர் போர்ஷே 911 காரைப் பார்க்கலாம். 2001ஆம் ஆண்டின் 911 ஜீ.ரீ. 2 காரிற் காபன் நாரும் சிலிக்கன் காபைட்டும் சேர்ந்த பீங்கான் தட்டு வந்தது. இப்பொருளின் அடர்த்தி வார்ப்பிரும்பின் மூன்றிலொரு பங்களவே. தட்டைச் சற்றுப் பெரிதாக்கியே செய்வதால், முடிவில் நிறை இரும்புத் தட்டின் பாதியளவாகின்றது. அங்ஙனமாயின் வெப்பப் பாத்திரமும் பாதியாகிவிடாதோ எனின், ஆகாது. கிலோகிராம் ஒன்றை ஒரு பாகை உயர்த்த இப்பொருளுக்கு ஏறத்தாழ 800 யூல் வேண்டும். சூடேற ஏற அது இன்னும் மிகும். பாதி நிறையாயினும் ஏறக்குறைய அதே வெப்பத்தைத் தாங்குகின்றது. துருவும் ஏறாது. வளையத்தின் நிறையையே குறைத்தும் இழப்பில்லாத அரிய வழி இது.

ஆயின் விலை? 2021இல் அமெரிக்காவில் 911 ஜீ.ரீ. 3 காருக்கு இதனை விருப்பத்தெரிவாகச் சேர்க்க 9,000 டொலருக்கு மேல் வேண்டியிருந்தது. 15 முதல் 20 கிலோகிராம் குறைந்ததென்று கொண்டாற் கிலோ ஒன்றுக்கு 450 முதல் 600 டொலர். வீதியில் ஓட்டுவோர்க்கு அத்தட்டு நெடுங்காலம் உழைக்கும். தடத்திலே இடையறாது சூடேற்றினால், அதிலுள்ள காபன் ஒட்சிசனோடு சேர்ந்து சிறிது சிறிதாக எரியும். மாற்றும் செலவுக்கு அஞ்சித் தடத்துக்குச் செல்லும் உரிமையாளர் பலர் இரும்புத் தட்டையே பூட்டிக்கொள்வர்.

1996இல் வெளிவந்த லோட்டஸ் எலீஸ் காரின் கதையும் கருதத்தக்கது. இலேசே தன் சமயமெனக் கொண்ட அக்காருக்கு, தொடக்கத்தில் அலுமினியத்தோடு பீங்கான் துகள் கலந்த தட்டுகளைப் பூட்டினர். சில ஆண்டுகளுள் அதுவும் வார்ப்பிரும்புக்கே திரும்பியது. மலிவும், உறுதியும், வெப்பம் தாங்கும் பொறையும் ஒருங்கே வாய்ந்த அப்பழைய உலோகத்தை எளிதில் வென்றார் இல்லை.

8. முடிவுரை

இவ்வாராய்ச்சியின் பயனாக யாம் அவருக்கு எழுதிய வரிசை இது: முதலில் ஒயில், அடுத்துக் கட்டை, பின்னர் காற்று, அதன்பின்னும் வெப்பம் அடங்காதாயிற் பெரிய இரும்புத் தட்டு, முன்னும் பின்னும், எல்லாம் முடிந்து கையிற் பணமும் மனத்தில் ஆசையும் எஞ்சின் மட்டுமே அலுமினியக் கலிப்பர். ஒவ்வொரு படியிலும் ஒருநாள் ஓட்டி, மிதி என்ன சொல்கின்றது என்று கேட்டபின்னரே அடுத்த படிக்குச் செல்லுமாறும் எழுதினோம். விலை ஏற ஏறப் பயனும் ஏறும் என்ற எண்ணத்துக்கு மாறாக, இவ்வரிசையில் மிக மலிந்ததே உயிரைக் காப்பதாயிருப்பது நோக்கத்தக்கது.

மூன்று மாதங்கழித்து அவர் மறுமொழி விடுத்தார். ஒயிலும் கட்டையும் மாற்றியதோடு நின்றுவிட்டார். செலவு 200 பவுணுக்கு உட்பட்டது. அதே தடத்தில், அதே நேர்ப்பாதையின் முடிவில், காலையிலிருந்து மாலைவரை மிதி ஒருமுறையேனும் தளரவில்லை. எஞ்சிய பணத்திற் சிறிதைக் கொண்டு நல்ல ரயர் நான்கு வாங்கினாராம். “கலிப்பர் வாங்கியிருந்தால் நண்பர்களுக்குக் காட்டியிருப்பேன், ஐயா, இதைக் காட்ட முடியாது, மிதித்துத்தான் பார்க்க வேண்டும்” என்று முடித்திருந்தார். எமக்கு அது போதிய குருதட்சணை.

மாணவர் பயிற்சிக்குச் சில வினாக்கள்:

(1) மேலே கண்ட கார் மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முற்றாக நிறுத்தப்படுகின்றது. தோன்றும் வெப்பம் எவ்வளவு? 160இலிருந்து 60க்குக் குறைக்கும்போது தோன்றுவதிலும் அது குறைவாயிருப்பது ஏன்?

(2) 4 கிலோகிராம் வளையத்திற் பத்திலொரு பங்கைத் துளையிட்டு நீக்கினால், ஒருமுறை நிறுத்துகையில் உயரும் வெப்பநிலை எத்தனை பாகையாகும்?

(3) வெளியாரை 0.29 மீற்றர், உள்ளாரை 0.27 மீற்றர் உள்ள ரயர் வளையமொன்றுக்கு ஆறாம் பகுதியிற் செய்த கணக்கைச் செய்து, அதன் ஒரு கிலோகிராம் எத்தனை கிலோகிராமுக்குச் சமமெனக் காண்க.